சிமெண்டை உரித்துச் சுண்ணாம்புக்குத் திரும்பிய ஒரு கிராமப் பங்குக் கோயில்: வேலைக் குறிப்புகள்

நெல்லைச் சீமையில் தேரிக்காட்டு ஓரத்து ஊர், அங்கே ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில். கிழக்கே பீடம், மேற்கே மணிக்கூண்டு, நடுவில் உயரமான கூடம், அதன் இருபுறமும் தாழ்ந்த பக்கக்கூடங்கள். நடுக்கூடத்துக்கு ஓடு, பக்கக்கூடங்களுக்கு மெட்ராஸ் தளம் (மரக்கட்டைகள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தட்டைக் கூரை). செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய இரண்டேகால் அடிச் சுவர். புகார் எல்லாப் பழைய கோயிலிலும் சொல்வதுதான்: சுவரில் ஓதம் (தரை ஈரம்) ஏறுகிறது, பூச்சு கொட்டுகிறது, மழைக்குப் பக்கக்கூடம் ஒழுகுகிறது. ஒவ்வொரு தடவை கொட்டியபோதும் அதே இடத்தில் சிமெண்ட் பூசி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். திருவிழாவுக்குப் பளிச்சென்று இருக்கும். அடுத்த திருவிழாவுக்குள் மறுபடி கொட்டும்.

இந்தக் குறிப்பு அந்தச் சிமெண்டை எடுத்துவிட்டு என்ன செய்தோம், எதில் தப்பு நடந்தது என்பதைப் பற்றியது.

கட்டடத்தைப் படித்தது

கரணையைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் அளவெடுப்புக்கே போனது. இதை வீண் நாள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் கிராமக் கோயில்கள் ஒரே மூச்சில் எழுந்தவை அல்ல. முதலில் பனையோலைக் கொட்டகை, பிறகு மண்சுவர், காசு சேர்ந்தபின் செங்கல், அதற்கும் பிறகு கூண்டு, முகமண்டபம் என்று வளர்ந்தவை. இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. முப்பத்து மூன்று வருஷம்! அவ்வளவு பேர்பெற்ற மிஷன் ஊருக்கே அப்படி என்றால் சின்னப் பங்குகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சுவரில் மூன்று அளவுச் செங்கல், இரண்டு விதச் சாந்து இருக்கும். எந்தப் பகுதி எப்போது வந்தது என்று தெரியாமல் கைவைத்தால் நோய் இல்லாத இடத்துக்கு மருந்து போடுவோம்.

அப்படித்தான் நடந்திருந்தது. மணிக்கூண்டும் கூடமும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல ஒரு பிளவு. மூன்று முறை சிமெண்ட் வைத்து அடைத்த தடம் இருந்தது. அது விரிசலே இல்லை. கூடம் முதலில் கட்டப்பட்டது, கூண்டு பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. இரண்டு சுவருக்கும் செங்கல் கோப்பு கிடையாது. விரிசல் என்றால் சாந்துக் கோடுகளைத் தொடர்ந்து படிப்படியாக ஏறும், அல்லது செங்கலை உடைத்துக்கொண்டு போகும். இது செங்கலின் முடிந்த முகங்களுக்கு நடுவே நேராக ஓடுகிறது. கூண்டு கனம் கூடியது, தனியாக இறங்கும், தனியாக அசையும். அந்த இடைவெளியில் விறைப்பான சிமெண்டை அடைத்தால் பக்கத்துச் செங்கல்தான் உடையும். அந்தச் சிமெண்டைச் சுரண்டி எடுத்து, மெலிந்த சுண்ணாம்புச் சாந்தை மட்டும் வைத்தோம். அது மறுபடி பிளந்தால் மறுபடி வைக்கலாம், அவ்வளவுதான்.

கூரை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். எனவே அந்த மிஷனின் முத்திரை உள்ள ஓடு அதற்கு முன் ஏறியிருக்க முடியாது. சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். முகப்புச் சுவரின் உள்முகத்தில், இப்போதைய கூரைக்கு ஒன்றரை அடி கீழே, இன்னொரு சரிவின் தடம் சுண்ணாம்புக்குள் மங்கலாகத் தெரிந்தது. முதல் கூரை அங்கே இருந்திருக்கிறது, தாழ்வாக.

தரைப்படத்தையும் விடாமல் வரைய வேண்டும். வடக்கன்குளம் கோயிலின் இரட்டைக் கூடம் 1872இல் சாதிக்கு ஒரு கூடமாக மக்களைப் பிரித்து உட்கார வைப்பதற்காகவே திட்டமிடப்பட்டது. அந்த அளவுக்குப் போகாத கோயில்களிலும் தரையில் கம்பி அழி நின்ற குழிகள், அடைத்துவிட்ட தனி வாசல்கள் இருக்கும். தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும். ஆகவே குழிகளை அளந்து, படம் எடுத்து, அப்படியே விட்டோம். தரையில் பதித்த கல்லறைக் கற்களுக்கும் அதே விதி: மேலே பாலிஷ் போடக்கூடாது, எழுத்தைக் கறுப்பு பெயிண்டால் நிரப்பக்கூடாது.

பழைய சாந்தின் கலப்பு விகிதத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. சுவரின் உள்ளேயிருந்து, மழை படாத இடத்தில், ஒரு கைப்பிடிச் சாந்தை எடுத்து உலர்த்தி, நசுக்கி, 100 கிராம் நிறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊற்றி (தண்ணீரில் அமிலம், மாற்றி ஊற்றக்கூடாது) அதில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நுரை நின்றபின் வடிகட்டிக் கழுவிக் காயவைத்து நிறுத்தால் மிஞ்சுவது மணல். இங்கே 78 கிராம் மிஞ்சியது. நீற்றிய (தண்ணீரில் கரைத்து ஊறவைத்த) சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டு என்ற கணக்குக்கு அது ஒத்துவருகிறது. மணலில் கிளிஞ்சல் துண்டு இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் குழப்பும். அமிலத்தில் போடும் முன் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சிமெண்ட் செய்த வேலை

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஆவி போக வழியில்லை. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, பூச்சு முடிகிற விளிம்பில் வெளிவரும். சிமெண்டை 4 அடிக்குப் பூசினால் ஓதம் 5 அடியில் தெரியும். 6 அடிக்குப் பூசினால் 7 அடியில். ஈரத்தோடு வருகிற உப்பு பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் படிகமாகி விரிந்து செங்கலின் முகத்தையே பொடியாக்குகிறது. உரித்த சிமெண்ட் துண்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் செங்கல் தோல் அரை அங்குலம் ஒட்டிக்கொண்டு வரும். ஊர்க்காரர்களை ஒப்பவைக்க வேறு பேச்சே தேவைப்படவில்லை. அந்தத் துண்டைக் கையில் கொடுத்ததே போதும்.

உரிப்பதற்கு ஜனவரி நல்ல மாதம், வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அங்கிருந்து தொடங்கினோம். தட்டை உளி, இரண்டு பவுண்டு சுத்தியல், அவ்வளவே. மின்சார உடைப்பான் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதிர்வில் செங்கல் கட்டுக்குள் பழைய சாந்து கழன்றுவிடும். கெட்டியாக ஒட்டியிருக்கிற சிமெண்டை வம்படியாகப் பிடுங்கவில்லை. அப்படி இரண்டு இடம், மொத்தம் 30 சதுர அடி இருந்தது, விட்டுவிட்டோம். பிடுங்கினால் செங்கல் போகும், விட்டால் பார்க்க அசிங்கம். அசிங்கமே மேல்.

உரித்தபின் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த நார்த் தூரிகையால் தேய்த்து, விழுந்த பொடியைத் தார்ப்பாயில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். சுவரடியிலேயே விட்டால் அடுத்த மழையில் சுவருக்கே திரும்பிவிடும். இரண்டு மாதம் சுவரை அம்மணமாக விட்டு, வாரம் ஒருமுறை தேய்த்தோம். முதல் வாரம் வெள்ளைப் படலம் கையால் வழிக்கிற அளவு. ஏழாம் வாரம் விரலில் ஒட்டுகிற அளவு.

இதோடு தரை மட்டம். பல தலைமுறை மண் கொட்டி, கான்கிரீட் போட்டு, வெளித்தரை பழைய அடித்தளப் படிக்கட்டை விட 14 அங்குலம் ஏறியிருந்தது. ஓதத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு, பழைய படி தெரியும் வரை தோண்டி, வாட்டம் கொடுத்து, 40 மி.மீ. ஜல்லி நிரப்பினோம். ஒரே நாளில் நீளமாகத் தோண்டக்கூடாது: 6 அடி தோண்டி நிரப்பி, 6 அடி விட்டு, அடுத்த 6 அடி. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது. தெற்குப் பக்கத்தில் மட்டும் விழா மேடையின் கான்கிரீட் சுவரோடு ஒட்டியிருந்தது. அதை உடைக்க அனுமதி கிடைக்கவில்லை. அதன் பலன் கடைசியில் வரும்.

சுண்ணாம்பு

பூச வேண்டியது 110 அடி நீளம், 5 அடி உயரம், அதாவது 550 சதுர அடி. குழிவிழுந்த செங்கலை நிரப்பவும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் மணலும் சுர்க்கியுமாக (சுர்க்கி என்பது இடித்த செங்கல் தூள்) 50 கன அடி, நீற்றிய சுண்ணாம்பு 17 கன அடி. அதற்குச் சுட்ட சுண்ணாம்புக்கல் 300 கிலோ. கல் சூளையிலிருந்து வந்த அன்றே அல்லது மறுநாளே நீற்றிவிட வேண்டும். சாக்கில் ஒரு வாரம் கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பொடியாகும், சூடு கிளம்பாது, வேலைக்கு ஆகாது. நல்ல கல் கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று கேட்கும்.

தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கல், கொஞ்சம் கொஞ்சமாக. 300 கிலோவுக்கு 750 லிட்டர் வரை குடித்தது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகும். பக்கத்தில் நல்ல தண்ணீர் வாளி தனியாக இருக்க வேண்டும். கிளறி, கம்பிச் சல்லடையில் வடித்து, குழியில் இறக்கி, மேலே எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். சுவர் காய்ந்த அதே இரண்டு மாதம் சுண்ணாம்பும் ஊறியது. 15 நாளில் எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான், ஆனால் நீறாத சின்னக் கல் உள்ளே இருந்தால் பூசியபின் சுவரில் நீறி, அம்மைத் தழும்புபோல் குழிகுழியாகத் தெறிக்கும்.

மணல் கரகரப்பாக, பெரிதும் சிறிதும் கலந்து இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாத்திரத்தில் நன்கு காய்ந்த மணலைத் தட்டி நிரப்பி, மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். இங்கே 330 மில்லி குடித்தது. ஆகவே மூன்றுக்கு ஒன்று. ஒரே அளவு மணியாக உள்ள மணல் 400 மில்லி குடிக்கும். அதே மூன்றுக்கு ஒன்று போட்டால் சாந்து உதிரும். கடலோர மணல் வேண்டவே வேண்டாம், உப்போடு போராடுகிற சுவரில் உப்பையே பூசுவதாகும்.

முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, மணல் 2, சுர்க்கி 1. சுர்க்கிக்கு இளஞ்சூட்டில் வெந்த செங்கல் வேண்டும். கறுத்து வெந்த செங்கலை இடித்தால் அது வெறும் தூள், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது. சோதிக்க, சுண்ணாம்பையும் சலித்த சுர்க்கியையும் உருண்டை பிடித்து ஒரு வாரம் ஈரத்துணியில் சுற்றிவைத்துத் தண்ணீரில் போட்டோம். முதல் சுமைச் சுர்க்கி ஒரே இரவில் கரைந்து சேறாகியது, திருப்பி அனுப்பினோம். இரண்டாவது கரையவில்லை.

பூச்சு

முந்தின நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனைத்து, மேல் நீர் உறிஞ்சப்பட்டபின் பூச வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை நிமிஷத்தில் இழுத்துவிடும். முதல் பூச்சு 10 மி.மீ., கரணையால் தேய்ப்பதல்ல, வீசி அடிப்பது. பத்து நாள் கழித்து 8 மி.மீ., கடைசியாகச் சலித்த மணலும் சுண்ணாம்பும் சரிபாதியாக 3 மி.மீ. மொத்தக் கனத்தையும் ஒரே தடவையில் பூசிவிட்டால் என்ன என்று கொத்தனார்கள் கேட்பார்கள், சிமெண்டில் பழகிய கை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது, அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. ஆழம். கனமாகப் பூசினால் மேலே ஓடு, உள்ளே மாவு.

வடக்குச் சுவரின் முதல் 20 அடி பிசகியது. மார்ச் இரண்டாம் வாரம், மதியம் காற்று கிளம்பிவிட்டது, சாக்குத் திரை கட்டத் தாமதம். மூன்று மணி நேரத்தில் வறண்ட கண்மாய் மாதிரி வெடிப்பு. சுரண்டி எடுக்கத் தேவையில்லை. மறுநாள் காலை நீர் தெளித்து, நகத்தால் அழுத்தினால் கோடு விழுகிற பதத்தில் இருக்கும்போது மர மட்டப்பலகையால் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். நகம் இறங்காத அளவு இறுகிவிட்டால் மூடாது, அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டியதுதான். 20 அடியில் 4 அடி அப்படிப் போனது. அதன்பின் காலை பத்து மணிக்குள், மாலை நான்குக்கு மேல் மட்டும் பூசினோம். நனைந்த சாக்கு ஐந்து நாள்.

மேலே பெயிண்ட் கிடையாது. தண்ணீர்ப் பால்போல் நீர்த்த சுண்ணாம்பை ஐந்து கை வெள்ளையடித்தோம். அடிக்கும்போது சுவர் நிறமே மாறாததுபோல் தெரியும், காய்ந்ததும்தான் வெளுக்கும். கெட்டியாகக் கரைத்து இரண்டே கையில் முடிக்கப் பார்த்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும்.

தளம்

பக்கக்கூடத்து மெட்ராஸ் தளத்தின் கட்டமைப்பு: 9 அடித் தேக்குக் கட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்று, அவற்றின்மேல் சிறிய தளச் செங்கல்களைக் குறுக்காகச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது, அதன்மேல் அடித்த செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு). ஒழுகியது தளத்தின் நடுவில் அல்ல. நடுக்கூடத்தின் உயர்ந்த சுவரும் தளமும் சேரும் மூலையில். மேல்கூரை ஓட்டுத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் விழுகிறது. அந்த மூலையில் வைத்த சிமெண்ட் கரை, சுவரிலிருந்து தலைமயிர் அளவு பிரிந்திருந்தது. அந்த மயிர்க்கோட்டு வழியாகப் போன நீர் நேரே கட்டைகளின் தலைப்புக்கு. போதாததற்கு மழைநீர் வெளியேறும் தூம்பு இரண்டிலும் புறாக்கூடு.

கட்டைத் தலைப்புகளில் திருப்புளியைக் குத்திப் பார்த்தோம். நல்ல தேக்கில் நுனி மட்டும் இறங்கும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மக்கல். ஆறு கட்டை மோசம். கீழே பலகை வைத்து, சவுக்கு முட்டுக் கொடுத்து, இரட்டை ஆப்பு அடித்து இறுக்கியபின், 10 அடி நீளத்துக்குத் தளத்தைப் பிரித்தோம். தளச் செங்கல்கள் முழுசாக வந்தன. பாதிக்கு மேல் திரும்பப் பயன்பட்டன. மக்கிய தலைப்பை வெட்டி, அதே கனத்தில் புதுத் தலைப்பு வைத்து, இருபக்கமும் 2 அங்குலத் தேக்குப் பலகை, நல்ல மரத்தின்மேல் இரண்டரை அடி படியும்படி, துருப்பிடிக்காத 12 மி.மீ. போல்ட் போட்டு இறுக்கினோம். சுவர்க் குழியில் கட்டைக்கு அடியில் கருங்கல் பலகை. பக்கங்களிலும் தலைப்பிலும் அரை அங்குலம் காற்றிடம். அந்த இடைவெளியைச் சாந்து வைத்து அடைத்ததால்தான் முன்பு மக்கியது. வேலை முடித்துப் போகும்போது யாராவது 'ஓட்டை இருக்குதே' என்று அடைத்துவிடுவார்கள், கடைசி நாள் வரை காவல் வேண்டும்.

90 சதுர அடிக்கு, 4 அங்குலம் கனத்தில், ஒரு அங்குலச் செங்கல் ஜல்லி 30 கன அடி, நீற்றிய சுண்ணாம்பு 12 கன அடி. விரித்த மறுநாள் அடி தொடங்கும். வரிசையாக உட்கார்ந்து தட்டுக் கட்டையால் அடிப்பது. இடையிடையே கடுக்காய்க் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பது. 100 லிட்டருக்குக் கொட்டை நீக்கி உடைத்த கடுக்காய் 3 கிலோ, இரண்டு நாள் ஊறல். வடித்தபின் கருப்பட்டி ஒன்றரை கிலோ. கருப்பட்டியை அள்ளிப் போட்டால் இறுகுவது தள்ளிப்போகும், எறும்பும் வரும். ஐந்தாம் நாள் கட்டை தளத்தில் பள்ளம் பதிக்காமல் துள்ளியது, சத்தமும் மந்தமான பொத்திலிருந்து தெளிவான டக்குக்கு மாறியது. அதுவரை அடிக்க வேண்டும். 4 அங்குலம் 3 அங்குலமாக இறங்கியிருந்தது. மேலே தட்டோடு இரண்டு அடுக்கு, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு மேல் வராதபடி. மூலையில் சுவரை ஒரு செங்கல் ஆழத்துக்குக் காடி வெட்டி, தட்டோட்டை அதற்குள் செலுத்தி, சுர்க்கிச் சாந்தில் 3 அங்குல உருட்டு. சுவரில் ஒட்டிவைத்த கரை பிரியும். சுவருக்குள் போன கரை பிரியாது. பத்து நாள் வைக்கோல் போட்டு நனைத்தோம். தூம்புக்குக் கம்பிவலை.

கூண்டில் முளைத்த ஆலங்கன்றைப் பற்றி ஒரு வரி: பிடுங்கக்கூடாது. வேர் சுவருக்குள் கைபோல் பரவியிருக்கும், இழுத்தால் செங்கலோடு வரும். தண்டை வெட்டி, அடிக்கட்டையில் துளையிட்டு மருந்து வைத்து, வேர் செத்துச் சுருங்கியபின்தான் காடியைத் திறந்து எடுக்க வேண்டும்.

கூர்வளைவு ஜன்னல்கள்

ஏழு ஜன்னலில் இரண்டில் வளைவின் உச்சியிலிருந்து மேலே விரிசல். கூர்வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஓரத்து ஜன்னலுக்கு வெளியே சுவர் அகலம் குறைவாக இருந்தால் அந்தச் சுவர் மெல்ல நகரும், உச்சி திறக்கும். விரிசல் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் அடைப்பது வீண். குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சாந்து வைத்துப் பதித்து, தேதி எழுதி, மழைக்காலமும் கோடையும் கடக்கும் வரை விட்டிருந்தோம். ஒன்று உடையவில்லை. அதில் கீழிருந்து மேலாக 12 மி.மீ. குழாய்கள் பொருத்தி, சுண்ணாம்பும் சலித்த சுர்க்கியும் கரைத்த பாலை வாளியிலிருந்து தன் எடையிலேயே இறங்கவிட்டோம். மேல் குழாயில் எட்டிப் பார்த்ததும் கீழ்க் குழாயை அடைத்து ஏற வேண்டும். பம்பு வைத்து அழுத்தினால் பூச்சு வீங்கிக் கழலும். மற்ற ஜன்னலின் கண்ணாடி பிப்ரவரியில் உடைந்தது. அதை இன்னும் தொடவில்லை.

வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கடந்த நிலவரம்: தளம் ஒழுகவில்லை. வடக்குச் சுவரில் ஓதக் கோடு இரண்டடிக்குக் கீழே. தெற்குச் சுவரில், விழா மேடைக்கு நேரே, 11 அடி நீளத்துக்கு உப்பு திரும்பிவிட்டது. பூச்சு மேலிருந்து அரிசி மாவுபோல் உதிர்கிறது. உதிர்வது பூச்சு, செங்கல் அல்ல. முன்பு உதிர்ந்தது செங்கல். கான்கிரீட் அங்கே இருக்கும் வரை அந்த 11 அடியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உரித்துப் பூச வேண்டியிருக்கும். அதற்காக நீற்றிய சுண்ணாம்பில் ஒன்றரைக் கன அடி குழியிலேயே, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.